டி.எஸ். என்கிற இரண்டு எழுத்து

காலை பத்து நாற்பதுக்கு நாச்சம்மை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். மூன்றாம் தடவை பார்க்கவில்லை. எழுந்து ஓடினாள்.

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் அசையாமல் நின்றது. படிகளில் ஏறினாள். நான்காவது மாடிக் கதவில் டி.எஸ். வாகீசன், தலைமை விஞ்ஞானி என்று பலகை இருந்தது. ஆனால் 'ஊற்று பயோ'வில் அவரை வாகீசன் என்று யாரும் சொன்னதில்லை. வாசல் செக்யூரிட்டியிலிருந்து முதலீட்டாளர்கள் வரை எல்லோருக்கும் அவர் டி.எஸ். சார்.

அறைக்குள் எப்போதும் போலப் பதினெட்டு டிகிரி. வெளியே சென்னை மே மாதத்தில் வெந்துகொண்டிருக்க, அவர் தோளில் சால்வை போட்டிருந்தார். மேஜையில் எப்போதும் இருக்கும் சாக்லெட் டப்பா.

"சார், நம்ம ஈஸ்ட் மூட்டை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"உட்காரும்மா. மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

"உட்கார நேரமில்ல சார். காலையில கரண்ட் போய் வந்ததுல ஒரு இன்குபேட்டர் முப்பத்தொன்பதரைக்கு ஏறிடுச்சு. அதுல இருந்த ஈஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே இன்சுலின் தயாராகுது. ஆனா வெளியே வரல."

'ஊற்று' ஒரு மாத்திரை. ஒரே ஒரு தடவை விழுங்கினால் போதும். அதிலிருக்கும் ஈஸ்ட் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதெல்லாம் இன்சுலின் தயாரித்து அனுப்பும். ஆறு மாதத்துக்கு ஊசி இல்லை, வயிற்றில் தழும்பு இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் சோதனையில் இருந்தார்கள். திங்கட்கிழமை அனுமதிக் குழு கூடுகிறது.

"ஏன் வரல?" என்றார் டி.எஸ்.

"செல்லுக்குள்ள சரக்கைச் சின்னச் சின்னப் பையில கட்டித்தானே சார் அனுப்பணும்? 'பை கிளம்பலாம்'னு சொல்ற ஒரு குட்டிப் புரதம் இருக்கே, செக் ஃபோர். அது சூட்டுல மயங்கிடுது. உற்பத்தி நிக்கல, பை மட்டும் சேர்ந்துகிட்டே போகுது. செல் முழுக்கப் பை. கொத்தவால் சாவடி மண்டி மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்குது."

"சூடு இறங்கினா?"

"அதைத்தான் பார்த்தேன். முப்பத்தேழுக்கு இறக்கினேன். எல்லாப் பையும் மொத்தமா வெளியே வந்துடுச்சு. வழக்கமா வர்றதைவிடப் பதினோரு மடங்கு."

டி.எஸ். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "குடுவையில நடக்கிறதெல்லாம் குடல்ல நடக்கணும்னு இல்ல. முப்பத்தொன்பதரையில எந்த மனுஷன் இருக்கான்?"

"காய்ச்சல் வந்த மனுஷன் சார்." கையிலிருந்த டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள். "பேஷன்ட் நம்பர் ஐம்பத்தெட்டு. ஏகாம்பரம், வேலூர், ஐம்பத்திரண்டு வயசு. விடியக்காலையிலிருந்து நூத்திமூணு காய்ச்சல்னு ஆப்ல எழுதியிருக்கார், செல்சியஸ்ல கிட்டத்தட்ட அதே முப்பத்தொன்பதரை. ஒன்பதரைக்குப் பாரசிட்டமால். கடைசி வரியைப் பாருங்க. 'டூட்டிக்குப் போறேன்.'"

"என்ன டூட்டி?"

"பஸ் டிரைவர் சார்."

டி.எஸ். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டப்பாவிலிருந்து ஒரு சாக்லெட்டை எடுத்தார், பிரிக்காமல் விரல்களுக்குள் உருட்டினார்.

"பதினொன்னே காலுக்குள்ள வேலூர்ல நம்ம சோதனையைப் பார்க்கிற டாக்டருக்கு மெயில் போடு. பதறாம எழுது. 'வழக்கமான கண்காணிப்பு'ன்னு போடு. திங்கட்கிழமை என்னன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"மெயிலா சார்?"

"நாச்சம்மை, நம்ம ஈஸ்ட் டி.எஸ். வகை. நம்ம பசங்க என் பேரையே வெச்சிருக்காங்க. அப்படியெல்லாம் மயங்கிடாது."

அவள் வெளியே வந்தாள். படியிறங்கிக்கொண்டே ஏகாம்பரத்தின் நம்பரைத் தேடினாள். தேடும்போது வேறொன்று நினைவில் வந்து குத்தியது. போன வருடம் பரணில் கிடந்த பழைய சோதனை நோட்டு ஒன்றைப் புரட்டியபோது ஒரு வரி படித்திருந்தாள்: 'டி.எஸ். – 39.4. பிறகு 36.8. சர்க்கரை 38. குளுக்கோஸ் கொடுத்ததும் சரி.' யாரோ டி.எஸ். ஈஸ்ட்டைச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள், பிறகு குடுவையில் குளுக்கோஸ் ஊற்றியிருக்கிறார்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அப்படியானால் இந்தச் சோதனையை ஏற்கெனவே ஒருவர் செய்திருக்கிறார். செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

மணி பத்து ஐம்பத்தைந்து. நம்பரைப் போட்டாள். போன் அடித்தது.

"ஹலோ, ஏகாம்பரம் சாருங்களா?"

"லோன் வேணாம்மா."

"லோன் இல்லைங்க, நான் —"

"கார்டும் வேணாம். யாருய்யா போளூர்? சில்லறையா குடு."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. ஐந்தாவது தடவை எடுத்தான்.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் வேற ஆளே கிடைக்கலையா? இது டிரைவர் செல்லு. வண்டி ஓட்டும்போது என்கிட்டதான் இருக்கும், முதலாளி ஆர்டர். நான் கண்டக்டர் பிச்சாண்டி. திருவண்ணாமலை போய்ச் சேர்ந்ததும் பேசுங்க."

"வைக்காதீங்கண்ணே! சென்னையிலிருந்து பேசறேன். அவர் ஒரு மாத்திரை சாப்பிட்டிருக்காரே, சர்க்கரை வியாதிக்கு, ஊசிக்குப் பதிலா. அந்தக் கம்பெனி. வண்டியை உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"நடு ரோட்டுலயா? பின்னாடி இன்னொரு வண்டி முட்டுற மாதிரி வருது மேடம். நாங்க நின்னா அவன் அடுத்த ஸ்டாப் கூட்டத்தை அள்ளிட்டுப் போயிடுவான். காரணமில்லாம நிறுத்துனா ஏகாம்பரண்ணன் என்னை இறக்கி விட்டுட்டுப் போயிடுவாரு."

காரணம். ஒரு நிமிடத்தில் சொல்லியாக வேண்டிய காரணம். நாச்சம்மை கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று பாஸ்பேட், இரண்டு பாஸ்பேட் என்று செல் பாடத்தில் படித்ததெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"அண்ணே, நீங்க வண்டியை எப்படிக் கிளப்புவீங்க?"

"இதென்ன கேள்வி? ரெண்டு விசில்."

"நிறுத்த?"

"ஒரு விசில்."

"அவர் வயித்துல ஒரு டிப்போ இருக்குன்னு வெச்சுக்குங்க. அதுல ஆயிரக்கணக்கான பஸ்ஸு, ரொம்பக் குட்டி பஸ்ஸு. உள்ளே இருக்கிற பாசஞ்சர்தான் இன்சுலின். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கண்டக்டர். அவர் ரெண்டு விசில் குடுத்தா பஸ் கிளம்பும், ஒரு விசில் குடுத்தா நிக்கும். அளவா அனுப்புவார்."

"சரி. நல்ல கண்டக்டர்."

"சூடு தாங்காத கண்டக்டர். காலையிலிருந்து காய்ச்சல்ல அத்தனை கண்டக்டரும் மயங்கிட்டாங்க. வண்டி ஒண்ணும் கிளம்பல. ஆனா பாசஞ்சர் ஏறிக்கிட்டே இருக்காங்க."

பின்னணியில் பஸ்ஸுக்குள் டி.வி.யில் ஏதோ குத்துப்பாட்டு ஓடியது.

"இப்ப மாத்திரை போட்டுக் காய்ச்சல் இறங்குது" என்றான் பிச்சாண்டி மெதுவாக. "கண்டக்டர் பூரா ஒரே நேரத்துல முழிக்கிறான். அத்தினி பேரும் ஒண்ணா ரெண்டு விசில் குடுத்துட்டா?"

இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு மைக்ராஸ்கோப் தேவைப்பட்டது.

"அவ்வளவுதாண்ணே. ரத்தத்துல சர்க்கரை தரையோட போயிடும். கண்ணு இருட்டும், கை நடுங்கும், நினைவு போகும். அதுக்கு முன்னாடி உடம்பு வேர்த்துக் கொட்டும்."

"மேடம்." அவன் குரல் மாறிவிட்டது. "கணியம்பாடி தாண்டினதிலேருந்து அண்ணன் சட்டை தொப்பலா நனைஞ்சு கிடக்கு. 'காய்ச்சல் விட்டுடுச்சு பிச்சாண்டி'ன்னு சிரிச்சாரு."

"நிறுத்துங்க!"

விசில் கேட்டது. ஒன்று.

எஞ்சின் சத்தம் குறையவில்லை.

"அண்ணே! ஏகாம்பரண்ணே!" மறுபடி விசில். யாரோ ஒரு பெரியவர், "ஏன்யா, திருவிழாவுல வாங்கின விசிலா அது, சும்மா ஊதிக்கிட்டே இருக்க?" என்றார். "தள்ளு, தள்ளு" என்று பிச்சாண்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போவது கேட்டது. பாட்டு நின்றது. "திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறாரு மேடம். கண்ணு தொறந்திருக்கு. எங்கியோ பாக்குறாரு."

நாச்சம்மை படிக்கட்டில் நின்றிருந்தாள். அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. போனைக் காதோடு அழுத்தினாள், அழுத்தினால் நூற்றைம்பது கிலோமீட்டர் குறையும் என்பது போல.

மூன்றாவது விசில், நீளமாக, மிக அருகில்.

பிரேக் கதறியது. பெண்கள் அலறினார்கள். பாத்திரங்கள் உருண்டன. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணே? பிச்சாண்டி அண்ணே?"

போனில் மூச்சிரைப்பு. "நின்னுடுச்சு. புளியமரம் நாலு அடி தள்ளி. சாவியைத் திருப்பிட்டேன். மேடம், காதுகிட்ட வாயை வெச்சு ஊதினேன். மனுஷனுக்குத்தான் ஒண்ணும் தெரியல, காலு விசிலைக் கேட்டுடுச்சு. முப்பது வருஷப் பழக்கம்."

"முழிப்பா இருக்காரா? முழுங்க முடியுமா?"

"உளர்றாரு. 'டிக்கெட் எடு'ன்னு என்னையே கேக்குறாரு."

"சர்க்கரை வேணும். சீக்கிரம்."

"நிச்சயதார்த்தக் கூட்டம் ஒண்ணு ஏறியிருக்கு. தட்டுல லட்டு இருக்கு, கல்கண்டு இருக்கு."

"கல்கண்டு கரைய நேரமாகும், லட்டு தொண்டையில சிக்கும். வெறும் சர்க்கரை இல்லையா?"

"இருக்கு, இருக்கு. இந்தத் தட்டுல ஒரு பாக்கெட்டு..."

"ஐயய்யோ, அது சீர்த்தட்டுய்யா!" என்றது ஒரு பெண் குரல். "ஒத்தைப்படையா வெச்சிருக்கோம், ஒண்ணை எடுத்தா எண்ணிக்கை கெட்டுடும்!"

"அப்ப இதையும் எடுத்துக்கிறேன், மறுபடி ஒத்தைப்படை ஆயிடும். விடும்மா. உன் பொண்ணு நல்லா இருப்பா."

தண்ணீர் பாட்டிலில் சர்க்கரை கொட்டும் சத்தம், குலுக்கும் சத்தம், "குடிண்ணே, குடி, சிந்தாத" என்ற அதட்டல். ஆறு நிமிடங்கள். அந்த ஆறு நிமிடத்தில் நாச்சம்மை படியில் வந்த ஒருவரின் போனை வாங்கி ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னாள். கடைசியில், வறண்ட ஒரு குரல்:

"யார்ரா லைன்ல? லோன்காரங்களா?"

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

* * *

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஏகாம்பரமே கூப்பிட்டார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பதாகவும், நிச்சயதார்த்த வீட்டார் பந்தியில் தனக்கும் பிச்சாண்டிக்கும் இடம் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவி பண்ணும்மா. இதை ரிப்போர்ட்டுல எழுதிடாத."

"எப்படிங்க எழுதாம இருக்கறது?"

"ஊசி போட்டுக்கிற ஆளுக்கு என் முதலாளி ஸ்டீயரிங் தர மாட்டாரு. ஒன்றரை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்க மாத்திரை வந்தப்புறம்தான் திரும்ப வண்டி ஏறினேன். எனக்கு வேற எதுவும் ஓட்டத் தெரியாது. வீட்டைக்கூட என் சம்சாரம்தான் ஓட்டுறா. இனிமே காய்ச்சல் வந்தா வீட்டுல படுத்துக்கிறேன். அதை மட்டும் வயித்திலேருந்து எடுத்துடாதீங்க."

"இன்னைக்கு வண்டியில எத்தனை பேர் இருந்தாங்க?"

"பிச்சாண்டிக்குத்தான் தெரியும்" என்றார்.

போனை வைத்துவிட்டு, இந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவள் தரைத்தளக் குளிர் அறைக்குப் போனாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், கம்பெனி தொடங்கிய புதிதில், வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து ஆறு குப்பி ஈஸ்ட் வந்தது. அதோடு வந்த காகிதம் இன்னும் அங்கே இருக்க வேண்டும். இருந்தது. பழுப்பேறி, ஓரம் மடங்கி, பெட்டியின் அடியில்.

நான்காவது குப்பிக்கு நேரே, சின்ன எழுத்தில், புள்ளியில்லாமல், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. டி, எஸ்.

நாச்சம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

* * *

டி.எஸ். அறையில் மாலை வெயில் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. நடந்ததையெல்லாம் அவள் சொல்லி முடித்திருந்தாள்.

"ஆள் பிழைச்சுட்டார் இல்ல? அப்புறம் என்ன? ஒரு எச்சரிக்கை சேர்த்துடலாம். 'காய்ச்சல் சமயத்தில் தவிர்க்கவும்'னு."

"எப்படி சார் தவிர்க்கறது? அது உள்ளே குடியிருக்கு."

"டிரைவரே எழுத வேண்டாங்கிறார்னு சொன்னியே."

அவள் பழுப்புக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். "நம்ம ஈஸ்ட்டோட பேரு சார். நாலாவது வரி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "டி.எஸ். தெரிஞ்சதுதானே."

"சின்ன எழுத்துல இருக்கு. புள்ளி இல்ல. டெம்பரேச்சர் சென்சிடிவ். சூடு தாங்காதது. ஈஸ்ட் ஆராய்ச்சிக்காரங்க வேணும்னே குறையோட வளர்க்கிற வகை. சூடாக்கினா பைப் போக்குவரத்து நிக்கும். நின்னாத்தான் எந்தப் புரதத்துக்கு என்ன வேலைன்னு தெரியும். ஆராய்ச்சிக்கு ரொம்ப நல்லது. மருந்துக்கு ஆகவே ஆகாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம ஸ்டோர்ல பட்டியல் தட்டினவர் எல்லாத்தையும் பெரிய எழுத்துல தட்டி, நடுவுல மரியாதையா ரெண்டு புள்ளியும் வெச்சிருக்கார். அதைப் பார்த்தவங்க இது சார் தனக்குன்னு வரவழைச்ச குப்பின்னு நினைச்சுட்டாங்க. மத்த அஞ்சையும் விட்டுட்டு, மரியாதைக்காக இதிலேயே ஆரம்பிச்சுட்டாங்க. முப்பத்தேழுலயே தள்ளாடியிருக்கு. ஏன்னு யாரும் கேக்கல. சார் பேர்ல இருக்கிற ஈஸ்ட் தள்ளாடலாமா? ஏழு மாசம் பழக்கி முப்பத்தேழுக்குக் கொண்டுவந்துட்டாங்க. முப்பத்தொன்பதுக்கு யாரும் பழக்கல."

டி.எஸ். மெல்லச் சிரித்தார். நல்ல சிரிப்பாக இல்லை. "பதினோரு வருஷம். மேடையில சொல்லியிருக்கேன், விருது வாங்கும்போது. 'என் மாணவர்கள் அன்போடு என் பெயரை...' சரி விடு. உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"இன்னொருத்தருக்குத் தெரியும் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே." பரணிலிருந்து எடுத்து வந்த பழைய நோட்டை விரித்தாள். "யாரோ இந்தச் சோதனையைச் செஞ்சு பார்த்திருக்காங்க. செஞ்சவங்க அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னைக்கு அந்த பஸ் —"

பேசிக்கொண்டே அந்த வரியை மறுபடி படித்தாள். வாய் பாதியில் நின்றது.

'டி.எஸ். – 39.4. பிறகு 36.8. சர்க்கரை 38. குளுக்கோஸ் கொடுத்ததும் சரி.'

குடுவையின் சர்க்கரையை அவர்கள் சதவீதத்தில்தான் எழுதுவார்கள். முப்பத்தெட்டு சதவீதத்தில் ஈஸ்ட் ஊறுகாய் ஆகிவிடும். முப்பத்தெட்டு என்பது ரத்தத்தின் கணக்கு. அதைவிட, அந்த வார்த்தை. குடுவையில் குளுக்கோஸ் சேர்ப்பார்கள், ஊற்றுவார்கள். யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பது மனிதருக்கு.

எழுத்து சாய்வாக, நிதானமாக இருந்தது. தினமும் அவளுடைய ரிப்போர்ட்டுகளின் ஓரத்தில் பார்க்கும் கையெழுத்து. காலையில், எத்தனை மணிக்குச் சர்க்கரை இறங்கும் என்று அவள் சொல்லாதபோதே, 'பதினொன்னே காலுக்குள்ள' என்று கடிகாரத்தைப் பார்த்த ஆள்.

"இது ஈஸ்ட் இல்ல" என்றாள். "நீங்க."

டி.எஸ். ஒரு சாக்லெட்டைப் பிரித்தார். வாயில் போடவில்லை.

"மத்தவங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் முழுங்கினேன். முதல் ஆள். அப்புறம் ஒரு வைரல் ஜுரம். ஜுர மாத்திரை போட்டு ஒண்ணே முக்கால் மணி நேரத்துல பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்தேன். என் மனைவி வாயில குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தா." சால்வையை இறுக்கிக்கொண்டார். "ஜுரத்தோட பலவீனம்னு சொல்லிக்கிட்டேன். நம்பவும் நம்பினேன், பாதி. என் பேர் வெச்ச ஈஸ்ட் என்னையே கவுத்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது? ஆனா மறைக்கல நாச்சம்மை. நோட்டுல எழுதினேனே. யாராவது படிச்சுக் கேக்கட்டும்னுதான் எழுதினேன். யாரும் கேக்கல."

"நான் படிச்சேன் சார், போன வருஷம்." அவள் நோட்டை மூடினாள். "ஈஸ்ட்டுன்னு நினைச்சுட்டேன்."



அவள் பாதிப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்து முதல் வரியில் 'டி.எஸ்.' என்று எழுதினாள். அவர் கை நீட்டிப் பேனாவை வாங்கினார். அவள் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் முழுதாக எழுதினார்: திருவீழிமிழலை சாம்பசிவம் வாகீசன், ஆண், வயது 58. எழுதி முடித்ததும் ஏ.சி.யை அணைத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது வரி காலியாக இருந்தது.

நாச்சம்மையின் போன் அடித்தது. ஏகாம்பரத்தின் நம்பர். அவள் அதை எடுக்கவில்லை. முழுதாக அடித்து ஓயும்வரை காத்திருந்து, எழுதத் தொடங்கினாள்.